சித்தி வீட்டுக் கொக்கி

கைலாசபுரத்தில் அப்போது புதிதாகக் கட்டியிருந்த தொழிற்சாலைக் குடியிருப்பில், எல்லா வீட்டுக் கூடத்திலும் நடு உச்சியில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். ஃபேன் மாட்டுவதற்கு. என் சித்தி வீட்டில் மட்டும் அதில் ஒரு காலித் தொட்டில் தொங்கியது. திருச்சி வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அது வந்த கதை எனக்குத் தெரியும். எங்கள் கோயிலில், விளைச்சலுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று, ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்ததையெல்லாம் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். முசிறி வாழைத்தார், சேவல், பூசணிக்காய் என்று எல்லாம் வரும். தேவையா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. கோயிலுக்குப் போகிற காசுதானே என்று ஒற்றை எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஒருவருக்கொருவர் போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். அந்த வருஷம் சபைத் தச்சர் ஒருவர் மரத் தொட்டில் செய்து படைத்திருந்தார். அதைத் தூக்கிக் காட்டி ஏலக்காரர் ஏதோ கேலியாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முதலில் விலை கேட்டது சித்தி. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளையில்லாத சித்தி. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஏலத்தில் முதல் விலைக்கே ஒரு பொருள் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

புத்தூரில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மாவைத் துளைத்தெடுத்தேன். சித்திக்கு ஒரு பிள்ளை தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஜெபத்தில் இருந்தபோது மனசில் அப்படி விழுந்ததாம். எனக்கு இது போதவில்லை. அவர் சொன்னபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? எந்த மாசம் என்று ஏன் சொல்லவில்லை? மறந்துபோயிருந்தால் யார் நினைவுபடுத்துவது? அம்மா என்னை வாயை மூடிக்கொண்டு வரச் சொன்னாள். மூடுகிற வாயா அது. அடுத்த தடவை பார்த்தபோது சித்தியிடமே கேட்டுவிட்டேன்.

"எப்ப வரும் சித்தி?"

"அது அவருக்குத் தெரியும். வர்றப்ப இடம் தயாரா இருக்க வேணாமா?"

சனிக்கிழமைதோறும் தொட்டிலைத் துடைத்து, உள்ளே துவைத்த சேலையை மடித்துப் போடுவாள். சித்தப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, பனையோலை விசிறியால் மடமடவென்று விசிறிக்கொள்வார். அவர் வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டதில்லை. பிரசங்கம் பாதி போவதற்குள் தலை தொங்கிவிடும். சித்தியின் பக்திக்குப் பாவம் இவர் வியர்த்துக் கொட்டுகிறாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி குடிவந்தார். முதல் நாள் வாசலிலிருந்தே தொட்டிலைப் பார்த்துவிட்டு, "குழந்தை தூங்கறதா? அப்புறமா வரேன்" என்று கிசுகிசுத்தார்.

"இன்னும் வரலைங்க மாமி. உள்ள வாங்க" என்றாள் சித்தி, பால்காரன் வரவில்லை என்பது மாதிரி. மாமிக்கு முகம் என்னவோ போலாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்குள் வந்தால் அவர் குரல் தானாகத் தணிந்துவிடும். நான் ஆசைப்பட்டுத் தொட்டிலைத் தொட்டால் மட்டும், வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது என்று அதட்டுவார்.

அடுத்த வருஷம் பிள்ளை பிறந்தது. எங்கள் வீட்டில். தம்பியைப் பார்க்க வந்த சித்திக்குப் பின்னால், பஸ்ஸின் மேலிருந்து இறக்கிய தொட்டிலைச் சுமந்துகொண்டு சித்தப்பா வந்தார். அம்மா எவ்வளவோ மறுத்தாள். சும்மா தொங்குகிறதற்கு இங்கே இருக்கட்டும் என்றாள் சித்தி.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "கர்த்தர் வீடு மாத்திக் குடுத்துட்டாரா சித்தி?" என்றேன்.

அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். சித்தி சிரித்தாள். பிறகு தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை.

அடுத்த முறை நாங்கள் போனபோது சித்தி வீட்டுக் கொக்கியில் ஃபேன் சுற்றியது. சித்தப்பா அதன் கீழே பாய் விரித்து மகாராஜா மாதிரி தூங்கினார். பாவம், ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டாள் என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

தம்பி தொட்டிலில் எழுந்து நிற்க ஆரம்பித்தான். இனி அதில் போட்டால் விழுந்துவிடுவான் என்று அம்மா கழற்றி வைத்தாள். அது கோடை விடுமுறை. சித்தி வந்தாள்.

"அக்கா, தொட்டிலை எடுத்துட்டுப் போறேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஏண்டி, ஏதாவது..."

"இல்லக்கா. இன்னும் இல்ல."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கோ எரிச்சலாக வந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா? சித்தி இவ்வளவு கஞ்சமாக இருப்பாள் என்று நான் நினைக்கவேயில்லை.

விடுமுறையாதலால் நானும் அவளோடு பஸ்ஸில் போனேன். அக்கினி நட்சத்திரம். கைலாசபுரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். கூடத்தில் சித்தப்பா ஸ்டூல் போட்டு ஏறி நின்றார். தொட்டிலோடு சித்தி உள்ளே வந்து சேர்வதற்கு முன்பே, யாரும் சொல்லாமலே, அவர் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"ஸ்டூலைக் கெட்டியாப் புடிச்சுக்கம்மா" என்றார்.

இந்த வெயிலில் நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றுகிறாரே, இந்த மனுஷருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டே, இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.