டிராகன் இன்னும் வெளியில்தான் நிற்கிறது

புதன்கிழமை காலை நம் குழுவின் கதிர் தொலைபேசியில் அழைத்தான். "டீச்சர், மும்தாஜ் அக்கா தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். வேலைக்குக் கிளம்பி கார்கிட்ட போனவங்க, அப்படியே..." அன்று பிற்பகலே அடக்கம் என்று மட்டும் சொன்னான். அழுகை வருவதற்கு முன் என் நினைவுக்கு வந்தது, என் துணி அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் ஒரு செருப்புப் பெட்டி. நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் கூடிய உங்களிடம் அதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மும்தாஜுக்கு அஞ்சலி எழுத முடியாது.

ஓய்வுபெற்றதும் மகளோடு இருக்கலாமென்று அமெரிக்காவில் இந்தக் கேட்டி நகருக்கு வந்தவள் நான். கார் ஓட்டத் தெரியாது. ஒருநாள் நூலக வாசலில் மகளுக்காகக் காத்திருந்தபோது, "ஆன்ட்டி, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள ஏசில நாங்க சீரியல் பாக்குறோம், வாங்க" என்று ஒரு பெண் கூப்பிட்டார். அவர்தான் மும்தாஜ். மருந்துக்கடைச் சீருடையை இன்னும் மாற்றவில்லை. கீழக்கரைக்காரர் என்று பேச்சில் தெரிந்துகொண்டேன். நான் முப்பத்து நான்கு ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவள் என்றதும் ஆன்ட்டி என்பதை விட்டுவிட்டு டீச்சர் என்றார்.

உள்ளே பழைய வீடியோ கேசட்டில் எரிந்த நகரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கண் தெரியாத ஒரு டிராகன் அதை நோக்கி நடந்து வந்தது. "இந்த வயசுல ராட்சசக் கதையா பாப்பீங்க?" என்று சிரித்துவிட்டேன். மும்தாஜ் கோபப்படவில்லை. "சின்னப் பிள்ளைங்களுக்கு இது பொழுதுபோக்கு டீச்சர். நமக்குத்தான் தேவைப்படுது" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

அந்தத் தொடர் நான்கு வாரம்தான் ஒளிபரப்பானது. ஐந்தாம் வாரம் அந்த நேரத்தில் எடை குறைக்கும் போட்டி ஒன்றைப் போட்டார்கள். டிராகன் நகரத்துக் கதவைத் தட்டுவதோடு கதை நின்றுபோனது. மும்தாஜுக்கு ஆறவே இல்லை. "நெட்வொர்க்காரன் நாலு வாரம் ரேட்டிங் பாப்பான், பிடிக்கலைன்னா கழுத்த அறுத்துருவான். கேபிள்காரன் அப்படியில்ல. மாசாமாசம் சந்தா வாங்குறான்ல, எடுத்த எபிசோட் அத்தனையும் போட்டுட்டுத்தான் மூச்சு விடுவான்."

நான் அதை எனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டேன். விளம்பரத்தை நம்பி இலவசமாக ஓடும் நெட்வொர்க் சேனல் என்பது டவுன் பஸ். கூட்டம் இல்லையென்றால் பாதி வழியில் இறக்கிவிட்டு டெப்போவுக்குத் திரும்பிவிடும். கேபிள் என்பது கோயிலுக்குப் போக முன்கூட்டியே பேசி வைத்த வேன். நாலு பேர் தூங்கினாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். இதைச் சொன்னபோது மும்தாஜ் கைதட்டிச் சிரித்தார். அதன்பிறகு அவர் யாருக்கு விளக்கினாலும், "டீச்சர் சொன்ன வேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அதே குழுவினர் புதிய மாயாஜாலத் தொடர் ஒன்று எடுக்கிறார்கள், ஒரு நெட்வொர்க்கும் ஒரு கேபிள் நிறுவனமும் அதை வாங்க யோசிக்கின்றன என்று செய்தி வந்தது. நேயர்கள் கையால் எழுதும் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படிப்போம் என்று கேபிள் நிறுவனம் சொல்லியிருந்தது. மும்தாஜ் நம் எல்லோருக்கும் அஞ்சலட்டை கொடுத்தார். "வாயால பேசுற மாதிரியே எழுதுங்க. அழகா இருக்கணும்னு இல்ல." உங்கள் வீட்டாரிடமும் எழுதி வாங்கிவந்தீர்கள். நாற்பது அட்டைகள் சேர்ந்தன. அந்தச் சமயத்தில் அவருடைய தந்தைக்கு உடல்நிலை மோசமாகி, மூன்று வாரம் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த அட்டைகளை என் கையில் கொடுத்து, "ஸ்டாம்ப் ஒட்டிப் போஸ்ட் பண்ணிருங்க டீச்சர், அது போதும்" என்றார்.

அது போதாது என்று நினைத்தேன். மேசையில் அமர்ந்து முதல் அட்டையை எடுத்தேன். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. ஒருவர் ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு மாறியிருந்தார். கதிர் தன் மாமியாரையும் டிராகனையும் ஒப்பிட்டு ஏதோ நகைச்சுவை செய்திருந்தான். பெரிய நிறுவனத்துக்கு இப்படியா எழுதுவது? நாற்பதையும் திருத்தினேன். பிறகு பரீட்சைக்குக் கொடுப்பதுபோல் ஒரு மாதிரிக் கடிதம் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை புதிய அட்டைகளில் எல்லோரையும் அதையே பார்த்து எழுத வைத்தேன்.

"டீச்சர், என் ஜோக் எங்க?" என்றான் கதிர்.

"ஜோக்குக்கெல்லாம் மார்க் கிடையாது. பாத்து எழுது."

நம்மவர்கள் டீச்சர் சொன்னால் மறுக்க மாட்டார்கள். முணுமுணுத்தாலும் எழுதிக் கொடுத்தீர்கள். பெருமையோடு தபாலில் சேர்த்தேன்.

மும்தாஜ் திரும்பி வந்த வாரம், வழக்கம்போல் என்னை நூலகத்துக்குத் தன் காரில் அழைத்துப்போகும்போது ஒரு கடிதத்தைக் காட்டினார். ஒரே வாசகம் கொண்டவற்றை ஒரே கடிதமாகத்தான் கணக்கில் கொள்வோம் என்று கேபிள் நிறுவனம் எழுதியிருந்தது. மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுத வைத்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "பழைய கார்டெல்லாம் இருக்குல்ல டீச்சர்? இன்னும் ஒரு வாரம் டைம் இருக்கு. அதையே அனுப்பிருவோம்."

அவை என் வீட்டில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் என் சிவப்பு மை. அதை அவர் பார்ப்பாரே என்ற ஒரே எண்ணத்தில், "கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றேன்.

அடுத்த சிக்னலில் காரை நிறுத்தினார். "மறுபடி எழுதச் சொன்னா, ஏன்னு எல்லாரும் கேப்பாங்க. உங்களுக்குச் சங்கடம். விடுங்க டீச்சர்" என்றார்.

தொடர் நெட்வொர்க்குக்கே போனது. ஆறு வாரத்தில் நிறுத்தினார்கள். அந்தச் சனிக்கிழமை கதிர் ஆற்றாமையில் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "முக்கியமான நேரத்துல ஊருக்குப் போயிட்டீங்களேக்கா. நீங்க இருந்து ஃபாலோ அப் பண்ணியிருந்தா கேபிளுக்குப் போயிருக்கும்ல?"

தந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் அவர். "ஆமா தம்பி, என் தப்புதான்" என்றார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில், அவர் கொண்டுவந்த சமோசாவைத் தின்றுகொண்டிருந்தேன். அதன்பிறகும் சனிக்கிழமைதோறும் என்னைக் காரில் அழைத்துப்போனார். ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த அட்டைகள் போயிருந்தால் கதை மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை உங்களிடமிருந்து பறித்தேன் என்பதும், பழியை மும்தாஜ் சுமக்க விட்டேன் என்பதும்தான் எனக்குத் தெரியும். கதிர், அக்காவின் மேல் எந்தத் தப்பும் இல்லையப்பா.

அடக்கம் முடிந்து வந்து பெட்டியைத் திறந்தேன். ஊருக்குப் போகும் அவசரத்திலும் மும்தாஜ் தன் அட்டையை எழுதிவைத்திருந்தார். "நாள் முழுவதும் மற்றவர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த டிராகனோடு போய்க் கதவுக்கு வெளியே நிற்கிறேன். மெதுவாக எடுங்கள், நாங்கள் காத்திருப்போம். ஆனால் இந்த முறை உள்ளே விடாமல் நிறுத்திவிடாதீர்கள்." இரண்டாவது வரியை நான் சிவப்பில் அடித்து, ஓரத்தில் "தேவையற்றது" என்று எழுதியிருந்தேன்.

வரும் சனிக்கிழமை பெட்டியைக் கொண்டுவருகிறேன். யாராவது என்னைக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவரவர் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். கதிரின் நகைச்சுவை பத்திரமாக இருக்கிறது. மும்தாஜின் அட்டையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், அந்தச் சிவப்புக் கோட்டோடு.