பாஸ்கலின் கட்டைவிரல்

பசை ஒட்டுவதில் பாஸ்கலை மிஞ்ச அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆளே கிடையாது என்று மண்ணூர்பேட்டை டீக்கடை வரைக்கும் பேச்சு. மீன்பிடிப் படகின் அடியில் பொருத்தும் டிரான்ஸ்டியூசர்தான் அவர் கம்பெனியின் சரக்கு. காதுக்கு எட்டாத ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, எதிரொலியை வாங்கி ஆழம் சொல்லும் வட்டக் கருவி. அதன் பீங்கான் வில்லையையும் முன்தகட்டையும் பசையால் ஒன்றாக்குவது பாஸ்கல். அவர் ஒட்டியது பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை.

அந்தச் சரித்திரத்துக்குத் தொண்ணூற்றைந்தாம் வருஷம் கேடு வந்தது. உருப்படிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒலி பாதிதான் போகிறதாம்.

"லேசர் வச்சுக் கோளாறு எங்கேன்னு பார்க்கிற வரைக்கும் பசைப்பக்கம் போக வேணாம் பாஸ்கல்" என்றார் முதலாளி பார்த்தசாரதி. பாஸ்கல் சரக்குப் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கப் போனார். மேனாம்பேட்டு வீட்டில் மனைவி தெரசாவிடம் மூச்சு விடவில்லை. நெத்திலி வறுவல் தொடப்படாமல் திரும்பிய சாப்பாட்டு டப்பாவே அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டது.

லேசரை இயக்க வந்தவன் உத்தமன், ஆரணிப் பக்கத்து இன்ஜினியர். டிரான்ஸ்டியூசரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, தொட்டியின் கண்ணாடிச் சுவர் வழியே லேசரின் செம்புள்ளியைத் தகட்டின் மேல் விழவைத்தான். தகடு துடிப்பது தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. திரும்பி வரும் ஒளி அதைச் சொல்லிவிடும். பக்கத்து ஷெட்டில் இரும்பு அழுத்தும் பிரஸ் ஓடினால் மேசையே ஆடும். அதனால் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் வேலை.

"இன்னா நைனா, கைய வைக்காமலே நாடி பாக்கறியா?" என்று வந்து நின்றார் பாஸ்கல். குரலில் கேலி இருந்தது.

"ஆமாண்ணே. தொட்டா அதோட துடிப்பே மாறிடும்."

புள்ளியை நகர்த்தி நகர்த்தி, சரியாகத் துடிக்காத இடங்களைக் கட்டம் போட்ட தாளில் சிவப்புப் பென்சிலால் நிரப்பினான் உத்தமன். நெடுக ஒரு கோடு வந்தது. குறுக்கே ஒன்று. அடுத்த உருப்படியிலும் அதேதான்.

"என்னண்ணே இது, கூட்டல் குறி மாதிரி?"

பாஸ்கல் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "கூட்டல் இல்ல நைனா. சிலுவ. நான்தான் போட்டேன்."

போன வருஷப் புயலில், அவர் தம்பி இக்னேஷியஸ் போன படகு காசிமேட்டுக்குத் திரும்புவதற்குள் குடும்பமே செத்துப் பிழைத்தது. அன்று முதல், எந்தப் படகுக்குப் போனாலும் அதிலிருப்பவன் கரை சேரட்டும் என்று, பசை தடவுமுன் ஒவ்வொரு தகட்டின் முதுகிலும் கட்டைவிரலால் ஒரு சிலுவை.

உத்தமன் அவர் தலையைப் பார்த்தான். தேங்காயெண்ணெய் காதோரம் மினுமினுத்தது. பேசும்போதெல்லாம் தலையைக் கோதுவது வேறு பாஸ்கலின் வழக்கம்.

"எண்ணெய்ண்ணே! எண்ணெய் பட்ட எடத்துல பசை எப்படிப் பிடிக்கும்?"

"அடப்பாவி! நல்லது நெனச்சி நானே ஆப்பு வச்சிக்கினேனா?"

விஷயம் கேட்ட முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். "நாளைக்கே பசை மேசைக்கு வந்துடுங்க. சிலுவையைப் பெட்டி மேல போடுங்க, யார் வேணாங்கறது?"

கையை ஸ்பிரிட்டில் துடைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாஸ்கல் ஒட்டியது காய்ந்து தொட்டிக்குள் இறங்கியபோது, சிவப்புப் பென்சிலுக்கு வேலையே இல்லை. சந்தோஷம் தாங்காமல், லேசரின் நெற்றியிலும் ஒரு சிலுவை போடக் கட்டைவிரலை நீட்டினார்.

"அண்ணே! லென்ஸு!"

விரல் அந்தரத்தில் நின்றது. அங்கேயே, காற்றில், சின்னதாக ஒன்று போட்டார்.

"இதுல எண்ணெ ஒட்டாதுல்ல நைனா?" என்றபடி டப்பாவைத் திறந்தார். அன்று நெத்திலி மிஞ்சவில்லை.