சஹர் வேளையில் இரண்டு மாத்திரை

ஆரிபா அதிகம் பேசமாட்டாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு அவளுக்கு வாய்த்த படிப்பெல்லாம் கண்ணால் படித்ததுதான். யார் முகம் சுண்டியிருக்கிறது, எந்த மாட்டுக்குத் தீனி செல்லவில்லை, பால்காரர் இன்றைக்கு எந்தக் கிணற்றடியில் நின்றுவிட்டு வந்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ளமாட்டாள்.

சிதம்பரத்தில் பள்ளிவாசல் தெருவுக்கு அவள் மருமகளாக வந்தபோது வயது பதினெட்டு. மாப்பிள்ளை அப்துல் ஜலீல் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர், தாய்மாமா குலாம் முகம்மதுவின் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் பேசும்போது அவரைப் பற்றி எல்லாம் சொன்னார்கள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர் முதுகில் காதை வைத்துப் படுத்திருந்த ஆரிபாவுக்கு உள்ளே பூனைக்குட்டி கத்துவது போலக் கேட்டது. இளைப்பு. மாமியார் ஆசியா உம்மாள் மறுநாள் அடுப்பங்கரையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பனிக்காலத்தில் மட்டும்தான் வரும், வெளியே தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆரிபா தலையை ஆட்டினாள். அவள் தாய்வீட்டுக்குக்கூட அது தெரியாது.

மருந்துக் கடைக்காரர் எபிடிரின் என்று ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்துவந்தார். காலை ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. போட்டால் ஒரு மணி நேரத்தில் மூச்சு லேசாகிவிடும்.

அறுபத்தாறாம் வருடக் கடைசியில் இரண்டு சேதிகள் ஒன்றாக வந்தன. ஜலீல் எழுதிப்போட்டிருந்த கடலூர்த் தபாலாபீஸ் குமாஸ்தா வேலைக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே ஆஸ்பத்திரியில் உடம்பு சரியாக இருப்பதாகச் சர்டிபிகேட் வாங்கிவந்தால் போதும். இன்னொன்று, குலாம் முகம்மதுவின் பினாங்குக் கடையில் ஆள் குறைகிறது. பெர்மிட் கையில் இருக்கிறது, தை கழிந்து நாகப்பட்டினத்தில் கப்பல். தபாலாபீஸ் வேலை கிடைக்காவிட்டால் ஜலீல் கப்பல் ஏறவேண்டியது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். போனால் திரும்பிவர ஐந்து வருடம். எதிர்வீட்டு மெகருன்னிசாவின் புருஷன் போய் ஏழு வருடம் ஆகிறது. அவருடைய மகன், தகப்பன் படத்தைப் பார்த்து அது யாரென்று கேட்கிறான். ஆரிபா அதையும் பார்த்திருந்தாள்.

நோன்பு பிறந்த மூன்றாம் நாள் ஜலீல் முதல் பஸ்ஸில் கடலூர் போனார். சாயங்காலம் திரும்பியபோது முகம் செத்திருந்தது. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார்களாம். ரத்தக் கொதிப்பு நூற்று அறுபத்தெட்டாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீடே கலங்கிப்போனது. இருபத்துநாலு வயதில் கொதிப்பா? ஆசியா உம்மாள் மகனுடைய நோன்புக் கஞ்சியில் உப்பை நிறுத்தினாள். மிளகாய் சுற்றிப் போட்டாள். குலாம் முகம்மது வந்து உட்கார்ந்து, புதுப் பெண்டாட்டி சண்டை போடுகிறாளோ என்று சிரித்தார். ஆரிபா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் சிதம்பரத்து டாக்டர் ஒருவரிடம் போய்ப் பார்த்தார் ஜலீல். நூற்றுப் பதினெட்டு. ஒரு குறையும் இல்லை என்றார் அவர். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அடுத்த வாரம் மறுபடியும் கடலூர் போனார். நூற்று அறுபத்துநாலு. கடலூர் மிஷின்தான் கோளாறு என்று ஆசியா உம்மாள் தீர்ப்புச் சொன்னாள். கடலூர் டாக்டரோ, இன்னும் ஒரு தடவைதான் பார்ப்பேன், அதற்கப்புறம் தகுதியில்லை என்று எழுதிவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆரிபா மிஷினைப் பற்றி நினைக்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் சஹர் சாப்பாடு முடிந்து, கெட்டியாகக் காபி குடித்து, கடைசி வாய்த் தண்ணீரோடு அவர் மாத்திரை போடுவார். ஒன்றல்ல, இரண்டு. பகல் மாத்திரையை நோன்போடு விழுங்க முடியாது, அதனால் அதையும் சேர்த்து. வெளுக்கும் நேரத்தில் சட்டைப் பொத்தானைப் போட அவர் விரல் தடுமாறும். கழுத்தோரத்து நரம்பு தோலைத் தூக்கித் தூக்கி அடிக்கும். தெருவில் எல்லோரும் சுபுஹு தொழுதுவிட்டுக் கண் அயரும்போது அவர் மட்டும் கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பார். மதியம் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்துக்கு எல்லாம் அடங்கிவிடும். சாயங்காலம் சாதாரண மனிதர்.

ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோனது. அன்றைக்குக் காலையில் பொத்தான் நேராகப் போனது, கழுத்து நரம்பும் சும்மா இருந்தது. ஆனால் மூச்சு விசில் அடித்தது.

அவள் அன்றே ஜலீலிடம் சொன்னாள். கடலூரில் பார்ப்பது காலையில், இங்கே பார்த்தது சாயங்காலம், நடுவில் இருப்பது மாத்திரை என்று மெதுவாகச் சொல்லி முடித்தாள்.

“நீ சொல்றது இருக்கலாம் புள்ள. ஆனா மாத்திர போடாம போனா, அந்தாளு காதுல கொழாய மாட்டிக்கிட்டு முதுகுல வெச்சதும் எளப்பு தெரிஞ்சிடும். மருந்து ஏதாச்சும் சாப்புடுறியான்னு கேட்டாரு, இல்லன்னுட்டேன். கொதிப்பாச்சும் எறங்கும்னு சொல்லிக்கலாம். எளப்புக்காரனுக்கு எவன் கவருமெண்டு வேல குடுப்பான்?”

மாத்திரை போட்டால் கொதிப்பு, போடாவிட்டால் இளைப்பு. இரண்டு பக்கமும் கப்பல்தான் நின்றது.

மூன்றாவது தடவை போகும்போது, வெறும் வயிற்றோடு போகிறவர் வழியில் மயங்கிவிட்டால் என்ன செய்வது, ஒரு ஆள் கூட இருக்கட்டும் என்று ஆரிபா மாமியாரிடம் சொன்னாள். மருமகள் வாயைத் திறந்து ஒன்று கேட்டதே அதிசயம் என்று ஆசியா உம்மாள் சம்மதித்தாள். திருவாதிரைக்கு வந்த கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு களி வாளிக்கும் ஒரு கிழவரின் முழங்காலுக்கும் நடுவே அவள் நின்றாள். அன்றும் சஹரில் இரண்டு போட்டுவிட்டு அவர் வைத்த மாத்திரைப் புட்டி அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. அதை எடுத்தது அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. ஜலீலை உள்ளே கூப்பிட்டார்கள். லோகநாயகி என்கிற நர்சு, நல்ல சரீரம், வெளியே வந்து பஞ்சைச் சுருட்டியபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உள்ள போனவரு உன் வூட்டுக்காரராம்மா? மூணாந் தடவயா வர்றாரு பாவம். இந்த வயசுல என்னா கொதிப்பு? வூட்ல நீ ரொம்பப் படுத்துறியா?”

ஆரிபா துப்பட்டியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்நிய ஆளிடம் அவள் பேசியதே கிடையாது. இவள் பெண்தானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். சொன்னால் வேலை போகலாம். அவர் பொய் சொன்னதும் வெளிப்படும். சொல்லாவிட்டாலும் போகத்தான் போகிறது. முடிச்சை அவிழ்த்துப் புட்டியை நர்சின் மடியில் வைத்தாள்.

“இத சஹர்ல போடுறாரு. ரெண்டு.”

“ரெண்டா? ஒரே வேளைக்கா?”

“மத்தியானத்து மாத்திரய நோன்புல போட முடியாதில்ல. அதையும் சேத்துதான்.”

லோகநாயகி புட்டியின் மேலிருந்த காகிதத்தைப் படித்தாள். அடி ஆத்தா என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். ஆரிபா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளையும் கூப்பிட்டார்கள்.

டாக்டர் வைத்திலிங்கம் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. புட்டி மேசைமேல் இருந்தது. ஜலீல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பக்கம் திரும்பவில்லை.

இது மூச்சுக் குழாயைத் திறக்கும், கூடவே நெஞ்சையும் சாட்டையால் அடித்து ஓட்டும் என்றார் டாக்டர். ஒன்று போட்டாலே சிலருக்கு ஏறும், இரண்டை ஒன்றாகப் போட்டு அதன்மேல் காபியும் குடித்தால் காலையில் ஏறி மத்தியானத்துக்கு இறங்காமல் என்ன செய்யும்? பரீட்சைக்குக் கண் விழிக்க எதையாவது வாங்கி விழுங்கிவிட்டு இதே கை நடுக்கத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள், வயது இருபது, கொதிப்பு மட்டும் அறுபது வயதுக்காரனுடையது என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஜலீலைப் பார்த்தார்.

“மருந்து இல்லன்னு எதுக்குய்யா சொன்ன?”

ஜலீல் தரையைப் பார்த்துக்கொண்டு, இளைப்பு என்று தெரிந்தால் தள்ளிவிடுவீர்கள் என்றுதான் என்றார்.

“எளப்பு இருக்கறது மொத நாளே எனக்குத் தெரியும். பின்ன இந்தக் கொழாய எதுக்கு மாட்டிக்கினு இருக்கேன்? நீ குந்திக்கினு முத்திரை குத்தப்போற. மூட்டயா தூக்கப்போற? எளப்ப நான் கணக்குலயே எடுக்கல. இந்தக் கொதிப்புதான் என்னைப் பாடாப் படுத்திச்சி.”

லோகநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் ஜலீலை மத்தியானம் வரை வராந்தாவில் உட்காரவைத்தார். பதினோரு மணிக்கு நூற்று நாற்பத்திரண்டு. ஒரு மணிக்கு நூற்று இருபத்தாறு. நோன்பை விடச் சொல்ல நான் யார், நோயாளிக்கு விலக்கு உண்டென்று உங்கள் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள், அது உன் இஷ்டம், ஆனால் சஹரில் ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று, அதற்குமேல் கூடாது என்றார். பெருநாள் கழித்து ஒரு காலையில் மாத்திரை போடாமல் வா, அப்போது பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜலீல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். சுவரெல்லாம் தேர்தலுக்கு வெள்ளையடித்துச் சின்னம் வரைந்திருந்தார்கள். அதையே படித்துக்கொண்டு வந்தார். சிதம்பரத்தில் இறங்கித் தெரு முனை திரும்பும்போதுதான் நின்றார்.

“அந்நிய மனுசங்ககிட்ட பேச ஒனக்கு எங்கேர்ந்து தைரியம் வந்திச்சி?”

“பேசலீங்க. நர்சம்மா மடியில வெச்சேன். அவ்ளோதான்.” கொஞ்சம் பொறுத்து, “கப்பல்ல போயிட்டா அஞ்சு வருசம்” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நடந்தார். நடை மெதுவாகத்தான் இருந்தது, அவள் கூடவே வரும்படியாக.

பெருநாளும் பொங்கலும் அந்த வருடம் ஒட்டி ஒட்டி வந்தன. பக்கத்துத் தெரு இருசம்மாள் வீட்டுப் பொங்கலும் இவர்கள் வீட்டு வட்டலப்பமும் கைமாறின. அதற்கடுத்த வாரம் கடலூரில் பாதரசம் நூற்று இருபத்துநாலில் நின்றது. முதுகில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர், பூனைக்குட்டி உள்ளேதான் இருக்கிறது என்று சிரித்தபடி, லேசான மூச்சிரைப்பு உண்டு, வேலைக்குத் தடையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் குலாம் முகம்மது வந்தார். கூடத்தில் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து விஷயம் அவருக்கு இன்னும் எட்டவில்லை. மருமகனே, பெட்டி தயாரா, கொதிப்புக்காரனுக்கு எந்த ஆபீசும் கதவு திறக்காது, பினாங்கில் யாரும் பட்டை கட்டிப் பார்க்கமாட்டார்கள் என்றார். ஆரிபா உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“கொதிப்பெல்லாம் இல்ல மாமா, வேல கெடச்சாச்சி. கப்பலுக்கு வேற ஆளப் பாருங்க” என்றார் ஜலீல். பிறகு கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, “எனக்குச் சின்ன வயசுலேர்ந்து எளப்பு இருக்கு. கடல் காத்து ஒத்துக்காது” என்றார்.

ஆசியா உம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப கடலூர்ல என்னாடா காத்து வீசுது?” என்று கேட்டார் குலாம் முகம்மது.

பெரியவர்கள் சிரித்தார்கள். ஜலீலும் சிரித்தார்; சிரித்ததில் மூச்சு விசில் அடித்தது. அதை அடக்க அவர் இருமவில்லை, எழுந்து வெளியே போகவுமில்லை. ஆரிபா தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு, எப்போதும் போல மாமியார் கையில் கொடுக்காமல், தானே கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள்.