பட்டன் இல்லாத திரை

என் அக்கா புருஷன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. இருந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள்.

வீட்டு லேப்டாப் ஊர்கிறது என்று, பதினோரு மாதத்துக்கு முன் அதில் 'விண்டோ மேனேஜர்' என்ற ஒன்றைப் போட்டார். திரையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருளாம். ஐகான் கிடையாது, மெனு கிடையாது. எந்த பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் எது திறக்கும் என்பதை நாமே ஒரு ஃபைலில் எழுதிக்கொள்ள வேண்டும். மாமா எழுத உட்கார்ந்தார். இன்னும் எழுந்த பாடில்லை.

திரையில் திறக்கும் இரண்டு ஜன்னலுக்கு நடுவே ஆறு பிக்ஸல் இடைவெளியா, எட்டா? இதற்கு ஒரு வாரம். ஓரக்கோடு சாம்பலா, நீலம் கலந்த சாம்பலா? அடுப்படியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு" என்றாள். அவளுக்கு ரசனை போதாது என்று என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். சரி, இத்தனையும் செய்து அதில் என்ன வேலை பார்க்கிறார் என்கிறீர்களா? அந்த ஃபைலைத் திறந்து திருத்துகிறார்.

அக்கா நர்ஸ். பிள்ளைகளுக்காக வேலையை விட்டவள். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தார்கள். வயது வரம்பு நாற்பது. அவளுக்கு நாற்பது முடிய மூன்று வாரம்தான் இருந்தது. இதை விட்டால் வேறு கிடையாது. சான்றிதழ்கள் பேங்க் லாக்கரில், ஸ்கேன் செய்த நகல்கள் லேப்டாப்பில் மட்டும். ஆன்லைன் விண்ணப்பம்தான், முதல் நாளே அனுப்பியிருக்கலாம். "இரு, கீயெல்லாம் மாத்திட்டிருக்கேன், முடிச்சிட்டு நானே அனுப்பறேன்" என்று மாமா பத்து நாள் இழுத்தார். கடைசி நாள் காலையிலும் எதையோ மாற்றிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். மாலை ஐந்து மணியோடு சரி.

மூன்று மணிக்கு அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். எந்த மெஷினுக்கும் எங்காவது ஒரு சுவிட்ச் இருக்கும் என்பது என் நம்பிக்கை. லேப்டாப்பைத் திறந்தால் கருப்புத் திரை, மேலே ஒரு மெல்லிய பட்டை, அதில் 47 என்ற எண். மெஷினின் சூடாம். மணி காட்டவில்லை, கண்ணை உறுத்துகிறது என்று எடுத்துவிட்டாராம்.

அக்கா அவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கன்ட்ரோலோட D அமுக்கு."

"ஒண்ணும் வரலைங்க."

"அட, காலைல மாத்திட்டேன்ல! இரு... விரலுக்குத் தெரியுது, வாயில வர மாட்டேங்குது."

ஆபீஸ் கீபோர்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஓட விட்டாராம். அங்கே யாருடைய பாலிசியோ சேமிக்காமலே மூடிக்கொண்டதாம். இங்கே அவர் சொன்னதை அக்கா அமுக்கினாள். இருந்த பட்டையும் மறைந்தது.

"மறைஞ்சிடுச்சா? சூப்பர்! அது பட்டையை மறைக்கற கீ" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு.

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நான்கு பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஓடுதா?" என்று கேட்டார். பேங்க் அதற்குள் மூடிவிட்டது.

மாமா பர்மிஷன் போட்டுக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தபோது மணி ஐந்தே கால். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். விரல்கள் பறந்தன. ஆஸ்பத்திரியின் பக்கம் திறந்தது.

"பாத்தியா, அரை செகண்டு!" என்றார். அப்புறம்தான் படித்தார். விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

அந்த லேப்டாப்பை அவர் தலையிலேயே போடலாமா என்றிருந்தது எனக்கு. அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை.

"ஏங்க, நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலையா? அதையாவது சொல்லிடுங்க. ஒரு காரணமாவது இருக்கட்டும்."

மாமா பதறிப்போய் எழுந்தார். "சேச்சே, என்னம்மா இப்படிக் கேக்கற? எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

மனுஷன் பொய் சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.