இறைத்துக் கொட்டிய தண்ணீர்

நேற்று மத்தியானம் கரண்ட் போனதும் எதிரே இருக்கிற லாட்ஜில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்திறங்கியவர்களுக்கு ஏசி நிற்கக் கூடாதே! டீசல் புகை சமையலறை ஜன்னல் வழியாக வந்து நேராக ரசத்தில் இறங்கியது. அந்த நாற்றம் உங்களுக்கு பஸ் ஸ்டாண்டை ஞாபகப்படுத்தும். எனக்கு ஒரு கிணறுதான் ஞாபகம் வரும்.

எழுபதுகளின் கடைசியில் நிலத்தடி நீரை அளக்கிற ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. மேஜை, நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும்தான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மாதாமாதம் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் குறித்துவைத்த கிணறுகளை எட்டிப் பார்க்க வேண்டும் என்று. எனக்கோ மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்த்தாலே தலை சுற்றும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் அளப்பேன். புடவையெல்லாம் செம்மண்ணாகிவிடும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்கினால், தண்ணீர் தொட்ட வரைக்கும் வெள்ளை கறுத்திருக்கும். அதிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். பிறகு பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கி, பரிசோதனைக்குத் தண்ணீர் எடுப்போம். விரலெல்லாம் சாக்பீஸ் தூளோடு நடந்து வருகிற பெண்ணை ஊர்க்காரர்கள் வேறு என்னவென்று நினைப்பார்கள்? டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்கள். மறுத்துப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

முதலில் அப்படிக் கூப்பிட்டவள் அலமேலு. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் அவளுக்கும் அவள் புருஷன் முனுசாமிக்கும் கொஞ்சம் நிலம். கிணற்றை நம்பித்தான் நெல்லும் மல்லாட்டையும். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அலமேலு உப்புப் போட்டு வேகவைத்தால் அந்த வாசனை வரப்பு வரைக்கும் வரும். நான் டேப்பை இறக்குவதற்கு முன்னால் முனுசாமி கிணற்றுக்குள் குனிந்து, "ஆத்தா, அளக்க வந்துட்டாங்க, நேரா நில்லு!" என்று கத்துவார். கிணறும் திருப்பிக் கத்தும். பயத்தில் இருக்கிற எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

பக்கத்துக் கரட்டுக் குன்றில் கறுப்புக் கல் எடுக்கிற குவாரி வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. தோண்டத் தோண்ட குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. அது தேங்கினால் கல் எடுக்க முடியாது. அதனால் டீசல் மோட்டார் வைத்து ஓயாமல் இறைத்து ஓடையில் விட்டார்கள். நான் போகும்போதெல்லாம் முனுசாமியின் கிணற்றில் தண்ணீர் இன்னும் கீழே போயிருந்தது.

"பருப்பு வேகவே மாட்டுது டீச்சரம்மா. தண்ணி ஒரு மாதிரியா கீது," என்றாள் அலமேலு. பரிசோதனையில் உப்பு ஜாஸ்தி என்று வந்தது. முனுசாமி ஆள் வைத்து வெடிபோட்டுக் கிணற்றை ஆழப்படுத்தினார். தண்ணீர் வந்தது; அதுவும் இறங்கியது. ஒருநாள் நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அலமேலு கேட்டாள்: "மாசாமாசம் அளக்கறீங்களே, அளந்தா தண்ணி வருமா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மழை கம்மி, அதனால்தான் கிணறு வற்றுகிறது என்று குவாரிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு வருஷம் கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பி வழிந்தது. முனுசாமி பஸ் நிற்கிற இடத்துக்கே ஓடி வந்துவிட்டார்.

"ஏரி ரொம்பியும் கெணறு ஏறல டீச்சரம்மா! இனிமே மழை இல்லனு சொல்ல முடியாதுல்ல?"

கிணறு வற்றியதற்கு அத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்கும் அதே சந்தோஷம்தான். குவாரியில் இறைப்பதால்தான் கிணறு வற்றுகிறது என்று அறிக்கை எழுதினேன். அப்போது எங்களுக்குப் பெரிய ஆபீஸ் எல்லாம் வேலூரில்தான். முனுசாமி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மடியில் மல்லாட்டைப் பையோடு பஸ்ஸில் வந்தார்.

அதிகாரி பொறுமையாகப் படித்தார். "கிணற்றை ஆழப்படுத்தியிருக்காங்களே. பழைய அளவோட இதை எப்படி ஒப்பிடறது?" என்றார்.

"ஆழப்படுத்தினாலும் மேலேர்ந்துதானே சார் அளக்கறோம்? முன்னாடி மேல நின்ன தண்ணி இப்ப எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"விதி இருக்கும்மா. இந்தக் கிணறு இனிமே அளக்கறதுக்கு லாயக்கில்லை. பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க."

அவ்வளவுதான். இன்னும் இரண்டு முறை எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ் போளூரைத் தாண்டியது. பை அப்படியே முனுசாமியின் மடியில் இருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப இனிமே நீங்க வரமாட்டீங்களா?"

அதற்குப் பிறகு அவரை ஒருமுறைதான் பார்த்தேன். அடுத்த ஊர்க் கிணற்றை அளந்துவிட்டுக் குவாரி வழியாக வந்துகொண்டிருந்தேன். பள்ளத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்த பனியனோடு ஒருவர் டீசல் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். முனுசாமி.

"என் தண்ணியத்தான் எறைக்கறேன் டீச்சரம்மா. வயல்ல எறைச்சப்ப சோறு போட்டுச்சு. இப்ப ஓடைல கொட்டனா கூலி தராங்க."

அலமேலு எங்கே என்று கேட்டேன். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். மோட்டார் சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. என் கண்ணைப் பார்க்காமல் பள்ளத்தில் இறங்கிவிட்டார்.

போன வருஷம் ஆட்டோ வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். குவாரி மூடிக் கிடக்கிறது. வயலெல்லாம் மனை. மஞ்சள் பூசிய கல் நட்டிருக்கிறார்கள். கிணற்றைக் குவாரிக் கழிவைக் கொட்டியே தூர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. எந்த இடம் என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் முனுசாமி, அலமேலு என்று விசாரித்தேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"கெணறா? இங்கயா?" என்று சிரித்தார். "நாங்க போர் போட்டோம் மேடம். வெறும் புகைதான் வந்துச்சு."

எவ்வளவு ஆழம் போனீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.