சாவியோடு போன வாட்ச்மேன்

என் தொழிலில் உடைந்து வரும் கம்ப்யூட்டரைவிட, ‘சுத்தம் செய்து’ கெட்டு வருவதே அதிகம். சொந்தத்தில் யாருக்கோ ஒருமுறை பிரிண்டர் சரிசெய்து கொடுத்து, அன்றிலிருந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஒன்றுமே செய்யாதவர்

வடமதுரைப் பூ வியாபாரி ஒருவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். போட்டால் கறுப்புத் திரை, மேலே வெள்ளையில் ஒரே ஒரு வரி. என்ன செய்தீர்கள் என்றேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். மூன்றாம் முறை கேட்டபோதுதான், விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்ததும் அதை இவர் அழித்ததும் வெளியே வந்தது.

இரண்டும் இருக்கும் மெஷினில் லினக்ஸ்தான் வாட்ச்மேன். அதைத் துரத்தினால் கேட் சாவியும் கூடவே போய்விடும். விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், திறந்துவிடத்தான் ஆளில்லை. நான் சொன்ன இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சும்மா எடத்த அடச்சுக்கிட்டு கெடந்துச்சுண்ணே, எடுத்துவிட்டேன். மத்தபடி நான் ஒண்ணுமே செய்யல.”

போனில் வைத்தியம்

அதே நோய், தொப்பம்பட்டித் தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு. வர நேரமில்லை, போனிலேயே சொல்லுங்கள் என்றார். விண்டோஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி, அணைத்துப் போடச் சொன்னேன். திரையில் தெரிவதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள் என்றேன்.

“ஏனுங்க, என்ற மொகந்தானுங்க தெரியுது.”

ஒரே பேனரில் இரண்டு மாமன்கள்

நாகல் நகரில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் நாசர் பாய், இடம் போதவில்லை என்று லினக்ஸை அழித்துவிட்டு, சிபியுவை மடியில் வைத்து ஆட்டோவில் வந்தார். மறுநாள் காலை ஒரு வீட்டில் காதுகுத்து. அதற்கான பேனர் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. பேனரில் தன் பட அளவைச் சரிபார்க்கக் கடைக்கு வந்திருந்த சின்ன மாமனும், அதாவது காது குத்தும் குழந்தையின் தாய்மாமன்களில் இளையவரும், கூடவே வந்துவிட்டார்.

அவருக்கும் அவர் அண்ணனுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருவரையும் ஒரே பேனரில் நிற்க வைக்க அவர்கள் தங்கை பட்ட பாடு கொஞ்சமில்லை. இரண்டு போட்டோவையும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே சம்மதித்தார்களாம். “மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சா, ஒருத்தரு முறுக்கிக்குவாரு தம்பி” என்று பாய் என் காதில் சொன்னார்.

பென்டிரைவைப் போட்டால், விண்டோஸைப் புதிதாக ஏற்றும் பொத்தான் நடுவில் பெரிதாக வரும். அந்த வழியில் போய்த் தவறி ஒன்றை அழுத்தினால் எல்லாம் காலி. ரிப்பேர் என்பது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதை அழுத்தி, நாலு வரி அடித்து, விண்டோஸுக்குச் சொந்தச் சாவி செய்து கொடுத்தேன். பேனர் திறந்தது. குழந்தைக்கு இருபுறமும் அண்ணனும் தம்பியும் ஒரே அளவில் நின்றார்கள். சின்ன மாமன் அண்ணன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அண்ணன் படத்த மட்டும் ஒரு இஞ்ச் பெருசாப் போட்ருங்க பாய். மூத்தவருல்ல... ஒரு இஞ்சுதேன், அதுக்கு மேல வேணாம்.”

அன்றிலிருந்து, இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாமா என்று யார் கேட்டாலும், அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று நான் கேட்பதில்லை. சாவி யார் கையில் என்றுதான் கேட்கிறேன்.