அரைக் குரலும் என் முழு வாயும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நல்ல பாடகியின் எதிர்காலத்தை ஏறக்குறைய முடித்துவைத்தேன். உதவி செய்கிறேன் பேர்வழி என்று! எனக்கு உதவ வருகிறவர்களைக் கண்டால் நான் ஓடி ஒளிவேன். நானும் அந்த ரகம்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாடகிக்குப் பெனிட்டா என்று பெயர் வைத்துக்கொள்வோம். புனேயில், வானவடியில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீடு. பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வேலை, ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு, 'எப்போதய்யா வீட்டுக்கு விடுவீர்கள்' என்று பேஷன்ட் உட்கார்ந்திருப்பார் இல்லையா? அவருக்கான அப்ரூவல் இவள் மேஜையிலிருந்துதான் போக வேண்டும். பகல் முழுக்க போனில் டாக்டரோ, பேஷன்டின் மச்சானோ, யாராவது ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார்.

மாலையில் இவள் கத்துவாள். மன்னிக்கவும்... பாடுவாள்.

ஆப்பரா! மேல்நாட்டு இசை நாடகம். கதை முழுவதையும் பாடியே நடிக்கிறார்கள். காதலைச் சொல்லவும் பாட்டு, கதவைத் திறக்கச் சொல்லவும் பாட்டு. மைக் கிடையாது. எதிரே முப்பது நாற்பது வாத்தியங்கள் முழங்க, அத்தனையையும் தாண்டி ஒற்றைத் தொண்டை கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு பேர் வருகிற நிச்சயதார்த்தத்துக்கே ஸ்பீக்கர் கட்டுகிற நமக்கு இது புரியக் கொஞ்சம் நேரமாகும்.

வீட்டில் பாடினால் அபார்ட்மென்ட் சொசைட்டி வாட்ஸ்அப்பில் புகார் வரும். அதனால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில், அப்பாவின் பழைய காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாதகம் செய்வாள். முதல் நாள் வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். "மேடம், டீக் ஆஹே நா?" ஒன்றும் ஆகவில்லையே என்று மராத்தியில் கேட்கிறார். பாவம், யாரோ யாரையோ கொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

பல வருஷம் பின்வரிசையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடியவளுக்கு, இந்த வருஷம்தான் ஒரு வேஷம் கிடைத்தது. வேலைக்காரி வேஷம். (ஆபீஸிலும் அதுதானே என்று நான் ஜோக்கடித்தேன். அவள் சிரிக்கவில்லை.) இரண்டாம் அங்கத்தில் அந்த வேலைக்காரி தனியாக நின்று ஒரு பாட்டு பாட வேண்டும். அவள் வாழ்க்கையின் முதல் தனிப்பாட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போயிருந்தது. ரிஹர்சலுக்கு நான்தான் என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வந்திருக்கலாம். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

இசைக்குழுவை நடத்துகிறவரை கண்டக்டர் என்கிறார்கள். நான் அறிந்த கண்டக்டர்கள் எல்லாரும் கடக்வாஸ்லா பஸ்ஸில் "புடே சலா" என்று முதுகில் தட்டி உள்ளே தள்ளுகிறவர்கள். இவர் ஆஸ்திரியாவிலிருந்து இந்த நாடகத்துக்காகவே வந்திருந்தார். கையை லேசாக அசைத்தால் போதும், ஹாலே வாயை மூடிக்கொண்டது.

ஒவ்வொருவராக எழுந்து பாடினார்கள். ஜன்னல் அதிர்ந்தது. பெனிட்டாவின் முறை வந்தது. எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது!

தொட்டில் குழந்தை எழுந்துவிடுமோ என்று பயந்து பாடுவதுபோல் ஒரு முனகல். உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் கீழே இறங்கிப் பாடினாள். ஒரு இடத்தில் வெறுமனே உதட்டை மட்டும் அசைத்தாள். போச்சு! அந்தப் பாழாய்ப்போன போன் வேலை, பெண்ணின் தொண்டையைத் தின்றுவிட்டது.

டீ பிரேக்கில் நான் நேராகக் கண்டக்டரிடம் போனேன். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். "சார், இவள் அருமையான பாடகி. காலையிலிருந்து இருட்டும்வரை இன்ஷூரன்ஸ் ஆபீஸில் போனில் பேசிப் பேசித் தொண்டை போய்விட்டது. தயவுசெய்து கோபப்படாதீர்கள். ஒரு சான்ஸ் கொடுங்கள்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முகம் மாறியது. தொண்டைக்காக இல்லை. "தினமுமா? முழுநேர வேலையா?" என்று கேட்டார்.

"லீவே கிடைக்காது சார்!" என்றேன். பெருமையாக வேறு.

அவர் பெனிட்டாவைக் கூப்பிட்டார். என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். வியாழக்கிழமை மதியம் முழு வாத்தியக் குழுவோடு ஒத்திகை. அதற்கு வர முடியுமா, முடியாதா என்று திங்கள் இரவுக்குள் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பாட்டை வேறொரு பெண் பாடுவாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவே இல்லை மனிதர்.

திரும்பி வரும்போது ஃபாத்திமா நகர் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"நான் உங்ககிட்ட ஹெல்ப் கேட்டேனா?"

"இல்ல... தொண்டை கட்டிருச்சேன்னு..."

"அரே, தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு! அது மார்க்கிங் அங்கிள். ரிஹர்சல்ல எல்லா நேரமும் முழுசாப் பாடினா ஷோ அன்னைக்குக் குரல் இருக்காது. பாதிக் குரல்ல பாடிக் குரலைச் சேத்து வெப்போம். கண்டக்டரே அப்படித்தான் பாடச் சொல்லியிருந்தார்."

"மத்தவங்க எல்லாம் அந்தப் போடு போட்டாங்களே?"

"அவங்க நாளைக்கு எட்டு மணி நேரம் போன் பேச வேண்டாம்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். நான் நகரவில்லை.

"வேலைக்குப் போறேன்னு சொன்னா அங்க பாட்டு எனக்கு வெறும் ஹாபின்னு நினைச்சிடுவாங்க. பாடுறேன்னு சொன்னா ஆபீஸ்ல வேலைல சீரியஸா இல்லேன்னு நினைப்பாங்க. ரெண்டு பக்கமும் வாயை மூடிக்கிட்டு, நாளைக்கு மெதுவா லீவ் கேட்டுச் சமாளிச்சிருப்பேன். நீங்க ஒரே நிமிஷத்துல... சலா அங்கிள், பின்னாடி திட்டுறாங்க."

உண்மைதானே? எங்கள் சொசைட்டியில் பேங்க்கில் வேலை பார்த்துக்கொண்டே ஃபிளாட் புரோக்கர் வேலையும் பார்க்கிறவர் உண்டு. 'சாமர்த்தியசாலி' என்கிறோம். ஐடி வேலையோடு ஷேர் மார்க்கெட்டில் விளையாடுகிறவர் உண்டு. 'புத்திசாலி' என்கிறோம். வேலையோடு ஒருத்தி பாட்டுப் பாடினால் மட்டும், 'எதில்தான் உருப்படப் போகிறாய்?' என்று கேட்கிறோம். காசு வந்தால் இரண்டாவது வேலை. வராவிட்டால் கிறுக்கு. நல்ல கணக்கு!

திங்கட்கிழமை சாயங்காலம் லிஃப்டில் பார்த்தேன். "என்னம்மா ஆச்சு?"

"தேஷ்பாண்டே சார் முடியாதுன்னுட்டார்." அவளுடைய மேனேஜர். "அவரைச் சொல்லியும் தப்பில்ல. ரெண்டு பேர் ஏற்கெனவே லீவ். டிஸ்சார்ஜுக்குக் காத்துக்கிட்டிருக்கிற பேஷன்ட்கிட்ட எனக்குப் பாட்டு இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"நான் வேணா ஒரு தடவை அவர்கிட்ட வந்து..."

"அங்கிள்!"

லிஃப்ட் நின்றதோ, நான் நின்றேனோ தெரியவில்லை.

அவள் வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். அவர்கள் டெஸ்க் ராத்திரி பகல் இரண்டிலும் நடக்கும். அதில் ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு. தீபாவளிக்குப் பெனிட்டா உட்காருவாள். மற்றவர்கள் லட்டு சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் உட்காருவார்கள். இவள் சர்ச்சுக்குப் போவாள். இந்தத் தீபாவளிக்கும் அவள் உட்கார்ந்தாயிற்று. கிறிஸ்துமஸ் அவளுக்குச் சேர வேண்டியது. அந்தக் கிறிஸ்துமஸைத்தான் கூட வேலை செய்கிற ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்... வியாழக்கிழமை அரை நாள் அவள் இவள் இடத்தில் உட்காருவதற்கு.

அதாவது, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு டூட்டி. காலையில்தான் மேஜையை விட்டு எழ முடியும். விடியற்காலை ஆராதனையில், சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து அவள் பாடாத கிறிஸ்துமஸ் இல்லை.

அன்றைக்கு எங்கள் சீலிங் வழியாக அவள் அம்மாவின் குரல் மைக் இல்லாமலே இறங்கியது. "ஏட்டி, யேசப்பா பொறந்த அன்னைக்கு எவனாவது டூட்டி கேட்டு வாங்குவானா? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

பதில் கேட்கவில்லை. பெனிட்டா குரலைச் சேர்த்து வைத்திருப்பாள்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு நான் போகவில்லை. தடை உத்தரவு. சனிக்கிழமை நாடகத்துக்கு அனுமதி உண்டு — யாரோடும் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. என் மனைவி பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தாள்.

இரண்டாம் அங்கம். வேலைக்காரி விளக்கை வைத்துவிட்டுத் தனியாக நின்றாள். எல்லாரும் தூங்கப் போன பிறகு அவளுக்கென்று கிடைக்கிற கொஞ்ச நேரம். அதில்தான் அந்தப் பாட்டு. இத்தாலிய மொழியில் எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. முதலில் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அந்தக் குரல் எழுந்தது பாருங்கள்... வயலின்கள் கீழே எங்கேயோ தங்கிவிட்டன. கடைசி வரிசையில் இருந்த எனக்கு, பக்கத்தில் நின்று காதோடு சொல்வதுபோல் கேட்டது. அதில் கத்தலே இல்லை. நாள் முழுக்க மற்றவர்களுக்கு 'ஹோல்ட் பண்ணுங்க, பார்த்துச் சொல்றேன்' என்ற ஒரு குரல், தனக்காக ஒரு வார்த்தை பேசியது மாதிரி இருந்தது. நான் கண்ணைத் துடைத்தேன். முன்வரிசையில் அவள் அம்மா முந்தானையை எடுத்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் பால் வாங்கப் போனபோது பார்க்கிங்கில் அவளைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஹாப்பி கிறிஸ்துமஸ்மா. சர்ச் முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்கும். அம்மா இன்னும் பேசல." ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டாள். "விடியக்காலைல ஒரு குழந்தைக்கு அப்ரூவல் போட்டேன் அங்கிள். அவங்கம்மா போன்லயே அழுதுட்டாங்க. பண்டிகைக்கு வீட்டுக்குப் போயிடலாம்ல."

பிறகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். கண்டக்டர் மெயில் அனுப்பியிருக்கிறாராம். மும்பையில் அடுத்த நாடகம். பெரிய வேஷம். ஆடிஷன் ஒரு வேலை நாளில்.

"தேஷ்பாண்டே சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. எப்படிக் கேக்கறதுன்னு யோசிக்கிறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!"

சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. தேஷ்பாண்டே சாருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது — நன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.